எந்த நைனாவுக்குப் படகு

என் தலைமுடியை முருகனுக்குத் தருவதாக என் மகள் வேண்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. பேரன் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது அவளுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. குழந்தை தேறி வீட்டுக்கு வந்த பிறகு, "அம்மா, திருத்தணிக்குப் போய்க் குடுத்துட்டு வந்துடுங்க," என்றாள். அவளால் கைக்குழந்தையை விட்டு நகர முடியாது. மருமகனுக்கு விடுப்பு இல்லை. முடி என்னுடையது என்பதால் நான் மட்டும் போனால் போதும் என்று முடிவாயிற்று. கார்த்திகை மழைக்காலத்தில் மலேசியாவின் கோலசிலாங்கூரிலிருந்து கிளம்பினேன்.

சென்னை விமான நிலையத்துக்கு மருமகனின் அண்ணன் முரளி வந்திருந்தான். திருத்தணியில் டிராக்டர் உதிரி பாகங்கள் விற்கிறவன். கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. "வாங்க அத்தே," என்று பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் போய் நின்ற வண்டியைப் பார்த்து நானும் நின்றுவிட்டேன். நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வண்டி. டயர்கள் என் இடுப்பளவு இருந்தன. ஸ்பிரிங்கையெல்லாம் மாற்றி வண்டியையே தூக்கி வைத்திருந்தான். கதவைத் திறந்தால் இருக்கை என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. மேலே ஒரு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இரண்டு தரம் வழுக்கி, ஒரு வழியாக ஏறினேன்.

"எதுக்குப்பா இவ்வளவு உசரம்?"

"தேவப்படும் அத்தே."

எங்கள் ஊரில் இப்படி வண்டியை உயர்த்துகிற இளைஞர்கள் உண்டு. செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் வார இறுதியில் ஓட்டிப் பார்ப்பார்கள். திருத்தணியில் எந்தச் சேற்றில் ஓட்டப் போகிறான் என்று எனக்குப் புரியவில்லை.

நகரத்தைத் தாண்டியதும்தான் வண்டி திருத்தணிப் பக்கம் போகவில்லை என்று தெரிந்தது. "ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேல அத்தே. பழவேற்காட்டுல ஒரு போட்டு வாங்கியிருக்கேன். நீங்க ஒரு தபா பாத்துட்டா தைரியமா இஸ்துகினு போயிடலாம்," என்றான்.

என் கணவர் இருந்தவரை தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போகிற தொழில் எங்களுக்கு. படகை டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போவது, தண்ணீரில் இறக்குவது, இன்ஜினைப் பார்ப்பது எல்லாம் நானும் சேர்ந்து செய்ததுதான். அவர் போன பிறகு படகை விற்றுவிட்டேன். அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. என் மருமகன் இதையெல்லாம் அண்ணனிடம் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது.

பழவேற்காட்டில் இறால் தொக்கும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் படகைப் பார்த்தோம். பழைய ஃபைபர் படகு. ஐந்தாறு பேர் உட்காரலாம். பின்னால் சின்ன மோட்டார். கீழே விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன், இல்லை. விற்கிறவர், "எதுக்கு வாங்குறீங்க?" என்று கேட்டார். "டூரிஸ்ட்டுங்கள சுத்திக் காட்டறதுக்கு," என்றான் முரளி. திருத்தணிக்கு வருகிற சுற்றுலாப் பயணிகள் படகில் எங்கே சுற்றுவார்கள் என்று யோசித்தேன். அந்த மனிதரும் அதையேதான் யோசித்தார் என்று நினைக்கிறேன். ஆனால் கேட்கவில்லை.

படகோடு டிரெய்லரும் வந்தது. அதை வண்டியில் மாட்டியதும் வம்பு தெரிந்தது. வண்டி உயரம், டிரெய்லர் தாழ்வு. மாட்டுகிற கொக்கி வண்டியின் பின்னால் எங்கோ மேலே இருந்தது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது; பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கியது. எடை முழுவதும் பின்னால் போய்விட்டால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். "மெதுவா போ," என்றேன். மெதுவாகத்தான் போனான். ஆனாலும் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் ஒரு முறை உரசியது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பழக்கத்தில் என் வலது கால் பிரேக்கைத் தேடியது.

வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். படகைச் சுற்றி வந்தார்.

"எங்க போவுது இது?"

"திருத்தணி சார். கோயில் தெப்பத்துக்கு," என்றான் முரளி, கண் இமைக்காமல்.

போலீஸ்காரர் படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வழிவிட்டார். நான் முரளியைப் பார்த்தேன். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் சம்பந்தி ஏகாம்பரம் நின்றிருந்தார். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மூத்த மகன் முரளியோடும் மருமகள் சுஜாதாவோடும் இருக்கிறார். "வாங்க சம்பந்தியம்மா," என்று என்னை வரவேற்றுவிட்டு, என் பின்னால் நின்ற படகை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"போட்டு, நைனா."

"போட்டுன்னு தெரியுது. இன்னாத்துக்கு?"

"ஏரில மீன் குத்தகைக்கு எடுக்கலாம்னு கீறேன்."

காலையிலிருந்து நான் கேட்ட மூன்றாவது காரணம் இது. சம்பந்தி உள்ளே போய்விட்டார். அன்று இரவு அவர் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. சுஜாதா எனக்குக் கேழ்வரகுக் களியும் புளிச்சகீரைக் கடைசலும் வைத்தாள். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்றாள். நான் மென்றுவிட்டேன். அதுவே ஒரு வேலையாக இருந்தது. காரம் காது வரை ஏறியது.

மறுநாள் விடியற்காலையிலேயே மலைக்குப் போனேன். மொட்டை அடிக்கிற மண்டபத்தில் எனக்கு முன்னால் ஒரு குடும்பமே வரிசையாக உட்கார்ந்திருந்தது. நாவிதர் என் தலையை நனைத்துக்கொண்டே, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். மலேசியா என்றேன். "அவ்ளோ தூரத்துலருந்தா? அப்ப நல்லா வழிச்சி உட்டுடறேன்," என்றார். முடி மடியில் விழுந்தது. நரைத்தது எவ்வளவு என்று அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கணவர் இறந்தபோதுகூட நான் கண்ணாடியில் இப்படி அந்நியமாகத் தெரிந்ததில்லை. தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு, மலைக்காற்று மண்டையில் சில்லென்று பட, ஆட்டோவில் இறங்கினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது சுஜாதா பின்கட்டில் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். தெலுங்கு. எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் "படவ நைனா கோசமே" என்று அவள் இரண்டு முறை சொன்னது காதில் விழுந்தது. படவ என்றால் படகாகத்தான் இருக்க வேண்டும். நைனா யார் என்று எனக்குத் தெரியும். முரளி நேற்று வாய்க்கு வாய் சம்பந்தியை அப்படித்தான் கூப்பிட்டான். அவர் பெயரோ பட்டமோ எதுவாகவோ இருக்கட்டும். கோசம் என்றால் என்னவென்று முன்வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். "அவங்களுக்காவன்னு அர்த்தம்," என்றாள்.

ஆக, படகு சம்பந்திக்காக. அப்பாவுக்குத் தெரியாமல் ஏதோ ஏற்பாடு செய்கிறார்கள். அதனால்தான் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறான். அந்தக் குழப்பம் தீர்ந்த சந்தோஷத்தில், காலை இட்லிக்கு உட்கார்ந்தபோது நான் வாயை அடக்கியிருக்கலாம். சம்பந்தி வேர்க்கடலைச் சட்னியைத் தொட்டுக்கொண்டு, "கடன ஒடன வாங்கி இன்னாத்தையோ இஸ்துகினு வந்து நிறுத்தியிருக்கான் பாருங்க," என்று என்னிடம் குறைபட்டார்.

"கோவப்படாதீங்க சம்பந்தி. அது உங்களுக்காகத்தான் வாங்கியிருக்கான்," என்றேன்.

அவர் கை இலையிலேயே நின்றது. "எனக்கா?"

"ஆமா."

"எனக்கு இன்னாத்துக்கு போட்டு?"

"அது எனக்குத் தெரியல," என்றேன். அது உண்மைதான்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படகைச் சுற்றி நடந்தார். ஒரு இடத்தில் நின்று விரலால் பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு துணி கொண்டுவரச் சொல்லி அவரே துடைக்க ஆரம்பித்தார்.

மத்தியானத்துக்குள் தெருவுக்கே செய்தி போய்விட்டது. "ஊட்ல சும்மா குந்திகினு கீறனேன்னு பாத்திருக்கான் பையன். ஏரிக் குத்தகைய என் பேர்ல எடுக்கறான் போல," என்று எதிர் வீட்டுக்காரரிடம் அவர் சொல்வது கேட்டது. மஞ்சள், குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழம் கட்டினார். கற்பூரம் கொளுத்தி என்னையும் கும்பிடச் சொன்னார். கும்பிட்டேன்.

சுஜாதா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அத்தே, மாமாகிட்ட நீங்க இன்னா சொன்னீங்க?"

சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "படவ எங்க நைனாவுக்கு அத்தே. எங்கப்பாவுக்கு."

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. நைனா என்பது பெயரில்லை, அப்பா. முரளிக்கு ஒரு நைனா, சுஜாதாவுக்கு ஒரு நைனா. மாமனாரை அவள் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள், நான்தான் கவனிக்கவில்லை. அவளுடைய அப்பா ஜெயராமன், பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம், கொசஸ்தலை ஆற்றுக்கு அக்கரையில் நிலம் வைத்துக்கொண்டு இளைய மகளோடு இருக்கிறார். சிறுநீரகம் கெட்டுப்போய் திருத்தணிக்கு டயாலிசிஸுக்கு வந்து போகிறவர். போன மழையில் ஆந்திராவில் அணையைத் திறந்துவிட்டபோது தரைப்பாலம் முழுகி, சிகிச்சைக்கு வர முடியாமல் மூச்சுத் திணறிப் பிழைத்தவர். அதன்பிறகுதான் முரளி வண்டியைத் தூக்கிக் கட்டியிருக்கிறான், பாலத்தின்மேல் ஓடும் தண்ணீரில் போவதற்காக. அதற்கும் மேலே தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, படகு.

"இத உன் மாமனார்கிட்ட சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

அதற்கும் அவள் கதை சொன்னாள். முரளி அவளைக் காதலித்துக் கட்டிக்கொண்டவன். ஒரே சாதிதான். ஆனால் பையன் தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டான் என்று ஏகாம்பரத்துக்கு ஆத்திரம். பெண்ணின் அப்பாதான் தூண்டிவிட்டார் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். கல்யாணத்தன்றிலிருந்தே ஜெயராமனோடு பேச்சில்லை. அந்த வீட்டுப் பேச்சே இந்த வீட்டில் எடுப்பதில்லை.

இரண்டு பேருக்கும் நான் இப்போது சம்பந்தம் செய்துவிட்டேன், வேறு விதமாக.

சாயங்காலம் முரளியோடு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். கொக்கியைக் கீழே இறக்க ஒரு கனத்த இரும்புத் துண்டை வளைத்துப் பற்றவைக்க வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். பட்டறைக்காரர் முரளியை, "இன்னா நைனா, போட்டெல்லாம் ஓட்றியாமே," என்றார். அந்த ஊரில் நைனா அல்லாதவர் யாராவது இருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பொறி பறக்க அவர் வேலை பார்க்கும்போது முரளி மெல்ல, "நானே சொல்லிடறேன் அத்தே, நீங்க கவலைப்படாதீங்க," என்றான். டிரெய்லரை மாட்டிப் பார்த்தோம். படகு மட்டமாக நின்றது.

வீட்டுக்கு வந்தபோது சம்பந்தி புது லுங்கி, துண்டு எல்லாம் வாங்கி வந்திருந்தார், மீன் பிடிக்கப் போகும்போது உடுத்த. முரளி அவர் முன்னால் போய் நின்றான். நின்றான். பிறகு, "சாப்ட்டியா நைனா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

அன்று ராத்திரி முழுவதும் மழை. எங்கள் ஊர் மழை அடித்துக் கொட்டிவிட்டு நின்றுவிடும். இது நிற்கிற மழையாக இல்லை.

விடிந்ததும் சுஜாதாவின் போன் அடித்தது. அணையைத் திறந்துவிட்டார்கள். தரைப்பாலம் முழுகிவிட்டது. அன்று ஜெயராமனுக்கு டயாலிசிஸ் நாள். முந்தின தடவையே காய்ச்சலென்று போகாமல் விட்டிருக்கிறார். கால் வீங்கியிருக்கிறது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று தங்கை அழுதாளாம்.

முரளி வண்டியைக் கிளப்பினான். நாங்கள் வெளியே வந்தபோது, புது லுங்கியும் தலையில் துண்டுமாக ஏகாம்பரம் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க நைனா நீ வர?"

"மொத மொதல்ல தண்ணில எறக்கறப்ப நான் இல்லன்னா எப்பிடி? ஏரி ரொம்பியிருக்கும், இன்னிக்கே எறக்கிப் பாத்துடலாம்."

அவரை இறங்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சுஜாதாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். ஏரிக்குத் திரும்புகிற இடத்தில் வண்டி திரும்பவில்லை. அவர் முரளியைப் பார்த்தார். கண்ணாடியில் சுஜாதாவைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோபமா, யோசனையா, ஏற்கெனவே தெரியுமா என்று அந்தப் பிடரியைப் பார்த்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆற்றுக்கு முன்னால் தாழ்வான இடங்களில் சாலைமேல் தண்ணீர் ஓடியது. மற்ற வண்டிகளெல்லாம் நின்றிருந்தன. எங்கள் வண்டி மட்டும் படகை இழுத்துக்கொண்டு உள்ளே இறங்கி அந்தப் பக்கம் ஏறியது. எதற்கு இந்த உயரம் என்று நான் கேட்ட கேள்விக்குத் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடிப் பதில் சொன்னது.

தரைப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர் மடிந்து விழுகிற கோடு மட்டும் தெரிந்தது. தீயணைப்பு ஆட்கள் வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். தடுப்பு வைத்திருந்த காவலர், "யாரும் எறங்காதீங்க," என்றார். சுஜாதா அக்கரையைக் காட்டினாள். ஒரு வேப்பமரத்தடியில் நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துக் குடை பிடித்திருந்தார்கள். "எங்க நைனா சார். டயாலிசிஸுக்குப் போவணும்." காவலர் என்னைப் பார்த்தார், மொட்டைத் தலை, சந்தனம், அதன்மேல் மழை. "இவங்க யாரு?" என்றார். "போட்டு ஓட்றவங்க," என்றான் முரளி. அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, "கயிறு கட்டிகினு போங்க," என்று மட்டும் சொன்னார்.

பாலத்துக்கு மேல்புறம் இறக்கினால் வெள்ளம் படகை இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தில் மோதவிடும். கீழ்ப்புறம் கொஞ்ச தூரத்தில் ஆறு வயல்களில் விரிந்து வேகம் தணிந்திருந்தது. அங்கே வண்டியைப் பின்பக்கமாக எடுத்து டிரெய்லரைத் தண்ணீருக்குள் தள்ள வேண்டும். முரளி இரண்டு தரம் தள்ளிப் பார்த்தான். அந்த உயரத்தில் உட்கார்ந்தால் டிரெய்லரே கண்ணாடியில் தெரிவதில்லை. இரண்டு தரமும் கத்திரி மாதிரி மடங்கிக்கொண்டது. "இறங்கு," என்றேன். நான் ஏறினேன். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால் போதும். கை போகிற பக்கம் டிரெய்லர் போகும். என் கணவர் சொல்லித் தந்தது அது. கதவைத் திறந்துவைத்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே தள்ளினேன். படகு தண்ணீரில் மிதந்து கயிற்றை இழுத்தது.

படகுக் கயிற்றின் மறு முனையை வண்டியில் கட்டினோம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட ஒரு ஆள் வேண்டும். நான் மோட்டாருக்கு, முரளி படகின் முன்னால். மீதி இருந்தது ஏகாம்பரம். அவர் கயிற்றை எடுத்து இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் போய் நின்றார்.

"உடறேன். போங்க," என்றார்.

போகும்போது பயப்பட நேரமில்லை. ஒரு மரக்கிளை வந்து மோதியது. முரளி காலால் தள்ளிவிட்டான். மோட்டார் ஒரு முறை இருமிவிட்டு நின்றது. படகு பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. கயிறு விறைத்து, அது போகாமல் பிடித்தது. நான் மறுபடி இழுத்து மோட்டாரைக் கிளப்பினேன். அக்கரையில் ஜெயராமனைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தோம். மனிதர் ஊதிப்போயிருந்தார். "தெய்வமே, யாரும்மா நீ?" என்று என் தலையைப் பார்த்துக் கேட்டார். "உங்க மாப்பிள்ளையோட தம்பிக்கு மாமியார்," என்றேன். அவருக்கு அது விளங்கியிருக்காது.

திரும்பி வரும்போதுதான் அவர் கரையைப் பார்த்தார். கயிற்றை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்த ஆளை அடையாளம் கண்டுகொண்டு, படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கரையேறியதும் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். ஏகாம்பரத்தின் உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்திருந்தது.

ஜெயராமன்தான் முதலில் பேசினார். "போட்டு உங்களுதா?"

முரளி வாயைத் திறந்தான். அதற்குள் ஏகாம்பரம், "ஆங். என் புள்ள எனக்கு வாங்கிக் குடுத்தான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இங்க ஆத்தங்கரையிலயே கெடக்கட்டும். உங்களுக்கு வேண்டியிருக்கும்," என்றார்.

அவர் நான் சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டு பேசினாரா, எல்லாம் தெரிந்துகொண்டு பேசினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முரளிக்கும் தெரியவில்லை. கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

படகை மரத்தில் கட்டிவிட்டு ஜெயராமனை வண்டிக்குக் கொண்டுவந்தோம். முரளி கதவைத் திறந்தான். அவர் அந்த இருக்கையை அண்ணாந்து பார்த்தார். கையை மேலே நீட்டினார், எட்டவில்லை. வீங்கிய காலைத் தூக்கினார். பாதி உயரம்கூட வரவில்லை. முரளியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டோம்.

ஏகாம்பரம் எங்களை விலக்கிக்கொண்டு வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றதை மடக்கி நிறுத்தி, அதன்மேல் கையால் தட்டினார்.

"கால வைங்க சம்பந்தி."

ஜெயராமன் தயங்கினார். குனிந்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட செருப்பைக் கழற்றப் பார்த்தார்.

"செருப்போடவே வைங்க," என்றார் ஏகாம்பரம். "நேரமாவுது."